ஹலோவீனுக்குப் பிள்ளையளோட பழத்தில என்ன செய்யலாம்? (வன்னியில கிடைக்கிறதை வச்சு)

வளவுக்கிளி | கிளிநொச்சி

எல்லாருக்கும் வணக்கம். லண்டனில இருந்து அக்காவும் பிள்ளையளும் வருகினம். அங்க ஒக்டோபர் கடைசியில பள்ளிக்கூடத்துக்கு ஒரு கிழமை லீவு விடுறவையாம், அந்த லீவுக்கு இஞ்ச வந்து நிக்கேக்கதான் 31ஆம் திகதி ஹலோவீனும் வருது. மூத்தவள் இப்பவே வட்ஸ்அப்பில "சித்தி, அங்க ஹலோவீன் இருக்கா, நாங்கள் என்ன உடுப்புப் போடுறது" எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறாள், நான் ஓமெண்டும் சொல்லேல்ல இல்லையெண்டும் சொல்லேல்ல.

அவளுக்கு 9 வயசு, தம்பிக்கு 4. எங்கட ரெண்டுக்கும் 7உம் 3உம். பக்கத்து வீட்டுப் பெடியளும் வந்தா பத்துப் பேருக்குக் கிட்ட வரும். அக்கா சொல்லிப்போட்டா ரொபி சொக்லேட் ஒண்டும் வேண்டாமெண்டு, சின்னவனுக்கு இப்பத்தான் பல்லு அடைச்சவையாம். அப்ப பழத்தில ஏதும் பேய் பிசாசு மாதிரி வடிவாச் செய்து குடுக்கலாமெண்டு யூரியூப்பைத் திறந்தா ஸ்ரோபெரி, புளூபெரி, கறுப்புச் சீஸ் எண்டு என்னென்னவோ சொல்லுகினம், நான் எங்க போறது உதுக்கெல்லாம்.

வளவில இருக்கிறது பப்பாசி, கதலிக்குலை ஒண்டு முத்தி நிக்குது, கொய்யா, கொடித்தோடை (பஷன் புரூட்), தேசி. சந்தையில அன்னாசி, தோடம்பழம், அப்பிள், முந்திரிகைப்பழம் (திராட்சை) வாங்கலாம். பிறிட்ஜ் சின்னன், மழை துவங்கினா கரண்டும் நம்பேலாது. இன்னொண்டு, இந்த முறை 31 வெள்ளிக்கிழமை, வீட்டில சைவம். அம்மா வேற "விளக்கு வைக்கிற நேரம் வீட்டுக்க பேய்ப்படமோ" எண்டு முகத்தை நீட்டிக்கொண்டு இருக்கிறா. பிள்ளையளே கையால செய்யக்கூடிய மாதிரி ஏதும் இருந்தாச் சொல்லுங்கோ, நான் செய்து தட்டில வச்சு அவை சாப்பிடுறதெண்டா அரை மணித்தியாலத்தில முடிஞ்சிடும், பிறகு மழைக்க பத்துப் பேரையும் என்ன செய்யிறது.

---

முள்ளியவளையான்

தங்கச்சி கதலி இருக்கெண்டா பாதி வேலை முடிஞ்சுது. கதலி கட்டையா இருக்கிறதால பாதியா வெட்டி வெட்டின பக்கத்தைக் கீழ வச்சா தட்டில தானா நிக்கும், லண்டன்காரற்ற நீட்டு வாழைப்பழம் சரிஞ்சு விழும். மேல கூர்ப்பக்கம் தலை. பிளம்ஸ் (காய்ஞ்ச முந்திரிகை) ரெண்டைக் கண்ணா அமத்திவிட்டா பேய் ரெடி, வாய்க்கு இன்னொரு பிளம்ஸ் பாதி. இது மூண்டு வயசும் செய்யும்.

பேய் வெள்ளையா வேணுமெண்டா எங்கட எருமைத்தயிர் இருக்கே. முதல் நாள் இரவே துணியில கட்டித் தொங்கவிட்டா தண்ணி எல்லாம் வடிஞ்சு விடியக் கட்டியா வரும், அதை வாழைப்பழத்துக்கு மேல கரண்டியால பூசிவிட்டுத் தேங்காய்ப்பூவில உருட்டுங்கோ. மாட்டுத்தயிர் கொஞ்சம் மஞ்சள் அடிக்கும், எருமைத்தயிர் பால் வெள்ளை, பேய்க்கு உதுதான் சரி. சீனி போடாதேங்கோ, கதலியின்ர இனிப்பே காணும். பூச முதல் பழத்துக்குத் தேசிப்புளி லேசாத் தடவினா கறுக்காது.

அன்னாசியையும் பப்பாசியையும் தயிரோட கலந்து வைக்காதேங்கோ. ரெண்டிலயும் இருக்கிற ஒரு சத்து பாலின்ர புரதத்தை உடைக்கும், கொஞ்ச நேரத்தில தயிர் தண்ணியாகிக் கைக்கத் துவங்கிடும். சாப்பிடுற நேரம் தொட்டுச் சாப்பிட்டா ஒண்டுமில்லை.

---

சும்மா வந்தனான்

எங்கட பிள்ளையளுக்கு ஆடிப்பிறப்புக் கூழே என்னெண்டு தெரியாது இதுக்குள்ள ஹலோவீன் ஒரு கேடு. வெள்ளைக்காரன் செய்தா நாங்களும் செய்யோணுமே??

---

ரொறன்ரோ மாமா

தம்பி சும்மா வந்தனான், கோவிக்காதேங்கோ. ஆடிக்கூழ் காய்ச்ச வேண்டாமெண்டு ஒருத்தரும் சொல்லேல்ல, அதையும் காய்ச்சுங்கோ. நான் இஞ்ச வந்த காலத்தில எனக்கும் உந்த எண்ணம்தான், வாசல் லைற்றை நூத்துப்போட்டு உள்ளுக்க இருந்திடுவன். பிறகு பிள்ளையள் பிறந்து, இப்ப பேரப்பிள்ளையள், வருசா வருசம் ஒரு பெட்டி சொக்லேட் வாங்கி வாசலில குந்தியிருக்கிறன். இஞ்ச பொழுதுபட வீடு வீடா வந்து தட்டுவினம், பைக்க போடோணும், அவ்வளவுதான் விசயம். அடுத்த நாள் தாய்மார் அந்தப் பையை ஒளிச்சு வைக்கப் படுற பாடு சொல்லேலாது, அதால உங்கட அக்கா கேட்டதில ஞாயம் இருக்கு பிள்ளை.

பூசணிக்காய் கிடைக்கேல்ல எண்டு கவலைப்படாதேங்கோ. அது அமெரிக்காவுக்குப் போன பிறகு வந்த பழக்கம், அதுக்கு முதல் அயர்லாந்திலயும் ஸ்கொட்லாந்திலயும் ரேணிப் எண்டு முள்ளங்கிக்குச் சொந்தமான ஒரு கிழங்கைக் குடைஞ்சுதான் விளக்கு வச்சவை. கிழங்கில செய்யலாமெண்டா பப்பாசியில செய்யேலாதோ? அடிப்பக்கம் கட்டையா, உருண்டையா உள்ளதாப் பாத்து ஆயுங்கோ. நல்லாப் பழுத்தது வேண்டாம் கத்தி பட நசிஞ்சு போகும், முழுக்காயும் வேண்டாம், பால் கையில பட்டாப் பிள்ளையளுக்குக் கடிக்கும். மஞ்சள் கோடு விழுந்த செங்காய்தான் சரி. மேல தொப்பி மாதிரிச் சீவி, கொட்டையைப் பிள்ளையளைக் கொண்டு கரண்டியால வழிக்க விடுங்கோ, உதுதான் அவைக்குப் பெரிய சந்தோசம், கறுப்புக் கறுப்பா வழுவழுவெண்டு வரும். கண் மூக்கு வாய் நீங்கள் வெட்டுங்கோ. வெளித்தோல் பச்சையும் மஞ்சளும், வெட்டின இடத்தால செம்மஞ்சள் தெரியும், பூசணியை விட வடிவு எண்டுதான் நான் சொல்லுவன்.

உள்ளுக்க மெழுகுதிரி வைக்காதேங்கோ, பழம் அவிஞ்சு மணக்கும், சின்ன ரோச் லைற் காணும். எங்கட மஞ்சள் பூசணியிலயும் செய்யலாம், ஆனா தோல் சரியான கட்டி, கத்தி வழுக்கும், அது பெரியாக்கள் மட்டும். பப்பாசியோ பூசணியோ, குடைஞ்சதை அண்டைக்கே சமைச்சுப்போடுங்கோ. இஞ்ச குளிருக்குக் கிழமைக்கணக்கா வாசலில இருக்கும், உங்கட வெக்கைக்கும் மழைக்கும் மற்ற நாளே பூஞ்சணம்.

---

நேசறி ரீச்சர்

வளவுக்கிளி, நான் முன்பள்ளியில இருக்கிறதால மற்றவை விட்டதைச் சொல்லுறன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதல் உங்கட 3 வயசும் லண்டன் 4 வயசும். முந்திரிகைப்பழத்தை முழுசாக் குடுக்கவே வேண்டாம், அது தொண்டைக் குழாயை அப்பிடியே மூடி அடைக்கிற அளவு. குறுக்கால வட்டமா வெட்டினாலும் ஆபத்துத்தான், நீட்டுப்பாட்டில நாலாப் பிளக்கோணும். 5 வயசு வரைக்கும் இப்பிடித்தான். முழுக் கச்சான், கஜுவும் அந்த வயசுக்கு வேண்டாம், யூரியூப்பில அப்பிள் வாய்க்குப் பல்லா கஜு குத்துறதைக் காட்டுவினம், நீங்கள் அதுக்குத் தேங்காய்ச் சொட்டை மெல்லிய சீவலாச் சீவிப் பல்லா வையுங்கோ. அப்பிளும் சின்னாக்களுக்கு மெல்லிசா. பல்லுக்குத்துற குச்சி, ஈர்க்கு ரெண்டும் மேசையிலயே இருக்கக்கூடாது. சிலந்திக்குக் கால் வைக்க ஈர்க்கு நல்லாத்தான் இருக்கும், ஆனா ஒரு பெடியன் மற்றவன்ர கண்ணுக்குக் கிட்டக் கொண்டு போகாமல் இருக்கமாட்டான். காலுக்கு அப்பிள் தோலை ஒடுக்கமா நறுக்கி வையுங்கோ, அதுவும் வளைஞ்சு நிக்கும்.

வேலையைப் பிரிச்சுக் குடுங்கோ. சின்னாக்கள் வாழைப்பழம் உரிக்கிறது, கண் வைக்கிறது, தேங்காய்ப்பூவில உருட்டுறது. 7 வயசுக்காரர் பட்டர் பூசுற கத்தியால வாழைப்பழம், பழுத்த பப்பாசி வெட்டலாம், அதுக்குக் கூர் தேவையில்லை. 9 வயசு தேசிக்காய் பிழியட்டும், கொடித்தோடை தோண்டட்டும், அவளை ஒரு மேசைக்குப் பொறுப்பாயும் விடுங்கோ, பெரிய பிள்ளையைப் பொறுப்பாக்கினாத்தான் அது சண்டை பிடியாது. கொய்யாவை நீங்கள் வட்டமா வெட்டிக் குடுங்கோ, நடுவில விதை வட்டம் இருக்கும், அதுக்கு நடுவில முந்திரிகைத் துண்டு ஒண்டு வச்சா ஆந்தைக்கண். ரெண்டு கண்ணைப் பக்கத்தில பக்கத்தில வச்சு அன்னாசித் துண்டைச் சொண்டா வைச்சா முழு ஆந்தை. தோல் லேசாக் கழருற மண்டரின் தோடம்பழம் கிடைச்சா, உரிச்சு நடுவில ஒரு புதினாக் காம்பு குத்திவிடுங்கோ, குட்டிப் பூசணிக்காய். அது எங்கட நேசறியில ஒரு நிமிசத்தில செய்து அடுத்த நிமிசம் சாப்பிட்டு முடிச்சிடுவினம்.

இப்ப என்ர ஸ்பெசல், தவளை முட்டை. மழை துவங்கினா வாய்க்கால் கரையெல்லாம் கிடக்கிறதுதானே, எங்கட பிள்ளையளுக்கு அது தெரியும், லண்டன் பிள்ளையளுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிப்போட்டு வந்து இதைக் குடுங்கோ. சைனா கிராஸ் (கடற்பாசியில எடுக்கிற அகர்) 10 கிராமை முக்கால் லீற்றர் தண்ணியில கொஞ்ச நேரம் ஊறவச்சு, முழுசாக் கரையும் வரை கொதிக்க வையுங்கோ. இறக்கி, சூடு கொஞ்சம் தணிய, கொடித்தோடையைக் கொட்டையோடயே அதுக்க போட்டுக் கலக்கி, ஊற வச்ச கசகசாவும் (சர்பத்துக்குப் போடுற கறுப்பு விதை) ரெண்டு கரண்டி போட்டுச் சின்னக் கோப்பையளில ஊத்துங்கோ. கொடித்தோடையை அடுப்பில வச்சு சைனா கிராஸோட கொதிக்க விடாதேங்கோ, புளிப்பில அது இறுகாமல் போயிடும். புளி கூட எண்டாப் பனங்கற்கண்டு கொஞ்சம். இதில நல்லது என்னெண்டா பிறிட்ஜ் தேவையில்லை, சும்மா மேசையில வச்சாலே இறுகும், கரண்ட் போனாலும் உருகாது. பெட்டியில வாற ஜெலி மாவெண்டா கூடுதலா ஜெலற்றின், அது மாட்டிலயோ பண்டியிலயோ எடுக்கிறது, வெள்ளிக்கிழமைக்குச் சரிவராது. அதோட பச்சை அன்னாசி, பப்பாசி போட்டா ஜெலற்றின் இறுகவும் மாட்டுது. சைனா கிராசுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

பல்லுக்காக எண்டு கேட்டதால ஒண்டு. பழத்தைப் பழமாக் கடிச்சுச் சாப்பிட வையுங்கோ, ஜூசாக்கி வடிச்சா அதின்ர சீனி பல்லுக்குச் சும்மா சீனி மாதிரித்தான். உலக சுகாதார நிறுவனமும் ஜூசில இருக்கிற சீனியைக் குறைக்க வேண்டிய சீனியோடதான் சேர்க்குது, முழுப் பழத்தைச் சேர்க்கேல்ல. பிளம்சும் பல்லில ஒட்டும், கண்ணுக்கு ரெண்டோட நிப்பாட்டி வாயைக் கொப்புளிக்கச் சொல்லுங்கோ.

பழம் கழுவுற தண்ணி கொதிச்சாறின தண்ணியா இருக்கட்டும், கிணத்துத் தண்ணி இப்ப மழைவெள்ளம் கலந்த நேரம், லண்டன் பிள்ளையளுக்கு வயித்தாலை போனா லீவு முழுக்க அவ்வளவும்தான். இலையானுக்கு வலைமூடி போடுங்கோ.

---

மழைக்குருவி | மாங்குளம்

எல்லாம் நல்லாச் சொல்லியிருக்கிறியள், நான் ஒண்டே ஒண்டு சொல்லலாமெண்டு வந்தனான், ஆரும் தவறா நினைக்காதேங்கோ. யூரியூப்பில இந்தப் பழ வேலையில பாதி மண்டையோடும் எலும்புக்கூடும்தான். அப்பிளில மண்டையோடு குடையிறது, வாழைப்பழத்துக்கு மேல சிவப்பு ஜாம் ஊத்தி ரத்தம் எண்டுறது. அதை மட்டும் விட்டிடுங்கோ அக்கா. லண்டனில அது கடையில தொங்குற பிளாஸ்ரிக். இஞ்ச 2023ல கொக்குத்தொடுவாயில தண்ணிக் குழாய்க்கு வெட்டப் போன இடத்தில மனிதப் புதைகுழி வந்தது எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு அம்மம்மா 2009ல கடைசிச் சண்டைக்குள்ள எதைக் கடந்து வந்தவ எண்டு பத்து வயசுப் பெடியனுக்குத் தெரியாது, அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு அவவிட்டத்தான் முதல் ஓடுவான் பாருங்கோ எண்டு காட்ட. உங்கட அம்மா முகத்தை நீட்டுறதும் வெறும் சகுனத்துக்காக இல்லாமல் இருக்கலாம், ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.

நாங்கள் வேதக்காரர். எங்களுக்கு நவம்பர் 1 சகல புனிதர் திருநாள், 2 இறந்தவையை நினைக்கிற நாள், சேமக்காலைக்குப் போய்ப் புல்லுப் பிடுங்கி மெழுகுதிரி கொளுத்துவம். அதுக்கு முதல் நாள் இரவுதான் ஹலோவீன் எண்டு சுவாமி சொன்ன பிறகு எங்கட வீட்டில பிள்ளையள் விளையாடினாலும் மண்டையோட்டுப் பக்கம் போறேல்ல. வௌவால், ஆந்தை, சிலந்தி, தவளை, பூனை, சிரிக்கிற பேய், இது காணாதோ.

வௌவாலுக்கு ஒரு ஐடியா, பினாட்டு! பனம்பழக் களியைப் பாயில ஊத்திக் காய வச்சது, கறுத்த மண்ணிறமா மெல்லிய தகடு மாதிரி இருக்கும். வெளிநாட்டில பழத்தைக் கூழாக்கிக் காயவச்சுச் சுருட்டிக் கடையில விக்கிறதும் இதே வேலைதான், அதில கூடுதலாச் சீனி. மட்டையில வௌவால் உருவம் ஒண்டு வெட்டி வச்சு, பினாட்டுக்கு மேல வச்சுக் கழுவின கத்தரிக்கோலால சுத்தி வெட்டட்டும். பாணிப்பினாட்டு வேண்டாம் அது கையெல்லாம் ஒட்டும், காய்ஞ்சதாத் தட்டா இருக்கிறதுதான். கொஞ்சம் கைக்கும் எண்டு லண்டன் பிள்ளையள் முகத்தைச் சுழிப்பினம், அப்ப தேங்காய்ச் சொட்டோட கடிக்கக் குடுங்கோ.

பனங்கொட்டையும் இருந்தா ரெண்டைக் கழுவிக் காய விடுங்கோ, தும்போட தாடி வச்ச கிழவன் மாதிரி இருக்கும், கண் கீறி மேசையில வைக்கலாம். கிழங்குக்குப் பாத்தி போடுறவையிட்டக் கேட்டா ரெண்டு தருவினம்.

---

சும்மா வந்தனான்

பினாட்டில வௌவால் எண்டது நல்லாத்தான் இருக்கு. நான் முதல் சொன்னதை வாபஸ் வாங்கேல்ல, ஆனா பினாட்டுக்கு ஓம். அன்னாசிக்கு உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் குடுங்கோ, லண்டன் பிள்ளையள் அதில பேயைக் காணட்டும்.

---

வளவுக்கிளி | கிளிநொச்சி

😂😂 மிளகாய்த்தூள் அன்னாசி அத்தாருக்கு.

எல்லாருக்கும் பெரிய நன்றி, இவ்வளவு வருமெண்டு நினைக்கேல்ல. மழைக்குருவி, நீங்கள் சொன்னதை வாசிச்சுப்போட்டுப் போய் அம்மாட்டக் கேட்டனான். அவ கனக்கக் கதைக்கேல்ல, "ஆந்தை எண்டாச் சரி, தவளை எண்டாலும் சரி" எண்டா, பிறகு தானே "பப்பாசிக்குக் கண்ணை நான் வெட்டுறன், நீ விரலை வெட்டிக்கொள்ளுவாய்" எண்டும் சொன்னா. அக்காவுக்கும் மண்டையோட்டு ரீசேட் ஒண்டும் கொண்டு வர வேண்டாமெண்டு மெசேஜ் போட்டிட்டன், அவவும் விளங்கினமாதிரி ஓம் எண்டவ.

அப்ப பின்னேரம் 3 மணிக்குத் துவங்கி விளக்கு வைக்க முதல் முடிக்கிறது. வாழைப்பழப் பேய், கொய்யா ஆந்தை, தவளை முட்டை, பினாட்டு வௌவால், நடுவில பப்பாசி. பிளம்ஸ் இருக்கு, சைனா கிராஸ் சந்தியில வாங்கலாம். பினாட்டுத்தான் இஞ்ச எங்க தேடுறதெண்டு தெரியேல்ல, வீட்டில செய்யிற ஆக்கள் இப்ப குறைவு. ரீச்சர், தவளை முட்டையை முதல் நாளே செய்து வைக்கலாமோ?

---

மழைக்குருவி | மாங்குளம்

பனை அபிவிருத்திச் சபையின்ர கற்பகம் கடையளில பினாட்டு விக்கிறவை, யாழ்ப்பாணம் போற ஆரிட்டயும் சொல்லிவிடுங்கோ. வாங்கினா மழைக்குத் திறந்து வைக்காதேங்கோ, இளகிப் போகும், பேணியில போட்டு இறுக்கி மூடுங்கோ.

---

நேசறி ரீச்சர்

முதல் நாள் வேண்டாம், சைனா கிராஸ் வச்சிருக்க வச்சிருக்க தண்ணி விடும், கரண்டும் போனா பழம் புளிச்சிடும். காலமை செய்யுங்கோ, பின்னேரத்துக்குச் சரி. தயிரை மட்டும் வியாழன் இரவு கட்டித் தொங்கவிடுங்கோ, பூனை எட்டாத உயரத்தில.